அண்ணனைச் சுற்றி விட்ட இடம்

எங்கள் ஊரில் வலைப்பக்கத்தில் விடுகிற காலி இடம், பக்கம் இணையத்தில் ஏறிய மறுநாள் காலையில், அதைச் செய்தவர் வீட்டுக்கு வந்துவிடும். வந்தால் லேசில் போகாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் ஒரு விரற்கடை இடம்கூட விடுவதில்லை. ஜவுளிக்கடைப் பக்கத்தைத் திறந்தால் முதலாளி படம், முதலாளியின் மாமனார் படம், நடுவில் ஓடுகிற எழுத்து, ஓடுகிற எழுத்துக்கு மேல் மின்னுகிற நட்சத்திரம் என்று மூச்சு முட்டும். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு ஹாலிலா வந்து நிற்கப் போகிறது?

இந்த ஊரில் இருந்துகொண்டுதான் செண்பகவள்ளி வலைப்பக்கம் வடிவமைக்கப் படிக்கச் சேர்ந்தாள். அவளுக்கு அதில் ஆசை என்றெல்லாம் ஒன்றுமில்லை. எல்லாம் அவள் அண்ணன் கொம்பையாவால் வந்தது. அவளுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். போர்வெல் லாரி வைத்திருக்கிறார், பக்கத்து ஊரில் பெரிய வீடு. செண்பகத்தின் மகள் தன்ஷிகாவுக்குப் பெயர் வைத்த அன்று தெருமுனையில் கட்டிய பேனரில் அண்ணன் முகம், பேனர் அடித்துக் கொடுத்தவனின் போன் நம்பரைவிடச் சின்னதாக இருந்தது. அண்ணன் அதை அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். அதோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை.

யார் முகம் எங்கே, எவ்வளவு பெரிசு என்பதை இனிமேல் எந்தக் கடைக்காரனையும் நம்பி விடக்கூடாது, நாமே கற்றுக்கொண்டு நாமே வைக்க வேண்டும் என்று செண்பகம் அன்றைக்கு முடிவு செய்தாள். இப்போது தன்ஷிகாவுக்குக் காதுகுத்து. காது குத்துவது என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மடி இல்லை என்றால் ஆசாரி ஊசியைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். அண்ணன் இதற்கும் வராவிட்டால் அப்புறம் எதற்குமே வர மாட்டார் என்பது செண்பகத்துக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு அண்ணன் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

சொல்லிக்கொடுத்தவர் ஆல்வின் சார். பாத்திரக்கடை மாடியில் வகுப்பு. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், செண்பகத்தைவிடப் பத்து வயது சின்னவர். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரைச் சார் என்பாள். காதுகுத்து அழைப்பையே பயிற்சிப் பக்கமாகச் செய்யலாம், அதற்கே மதிப்பெண் போடுகிறேன் என்று அவர்தான் சொன்னார். சொன்னவர் சும்மா இருந்தாரா? அவள் எதைச் செய்து காட்டினாலும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரே பாட்டு.

“காத்து விடுங்க அக்கா. கண்ணு வந்து உக்கார ஒரு இடம் வேணும்ல.”

“எங்க வீட்ல மனுசங்க உக்காரவே இடம் இல்ல சார்.”

“வடிவமைப்புன்னா அதான் அக்கா. இல்லன்னா மார்க் போட மாட்டேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாள். நடுவில் பிள்ளை பெயர். பெயருக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் மூன்று பத்தி. இடது பக்கம் முழுக்கக் காலி இடம். நடுப்பத்தியில் பிள்ளையின் சித்தப்பா செல்லத்துரை படமும் சமையல்காரர் போன் நம்பரும். வலது பக்கத்தை யாருக்கும் தராமல் அண்ணனுக்கென்று வைத்திருந்தாள். பெரியவர்களை வலப்பக்கம் உட்கார வைப்பதுதானே முறை? அண்ணன் படத்தை வலது பக்கம் பொருத்திவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. பக்கத்தை ஏற்றிவிட்டு, அண்ணன் வாட்ஸ்அப்புக்கு லிங்க் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை பால் வாங்கக் கதவைத் திறந்தபோது காலி இடம் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அதைப் பார்க்க முடியாது. ஆனால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். எதிர்வீட்டுச் சுவரில் கிழிந்து தொங்கிய சுவரொட்டிகூட அதன் வழியாகப் பார்க்க அழகாக இருந்தது. செண்பகம் கொஞ்சம் விலகி வழிவிட்டாள். அது உள்ளே வந்து, ஹாலில் டிவிக்கு இடது பக்கம், சுவரிலிருந்து சுவர்வரை தன்னைப் பொருத்திக்கொண்டது. சோபா அடுப்படிக்குப் போனது. பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அதற்குள் போட்டுப் பார்த்தாள். நாற்காலி மெல்ல வழுக்கி வெளியே வந்துவிட்டது.

அவள் கணவன் பால்துரை தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு பார்க்கிறவன். எழுந்து வந்தவன் அடுப்படியில் சோபாவைப் பார்த்தான், ஹாலைப் பார்த்தான்.

“எத்தன நாளைக்கு?” என்று கேட்டான்.

“பக்கம் இருக்கிற வரைக்கும்.”

“கூப்பிடுறதுக்கு முன்னாடி வீட்டோட அகலத்த ஒரு வார்த்த யோசிக்க மாட்டியா?” என்று சொல்லிவிட்டு, பல் தேய்க்க இடம் தேடிக்கொண்டு போனான்.

எதிர்வீட்டு அமலோற்பவம் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தாள். அவள் தையல் கடைக்கு ஒரு பக்கம் செய்து, வரிக்கு வரி இடைவெளி விட்டு மாட்டிக்கொண்டவள். அவளுக்கு வந்ததெல்லாம் மெல்லிசு மெல்லிசாக வந்ததால் தட்டு அடுக்குகிற ஸ்டாண்டில் செருகி வைத்துவிட்டாள். “உனக்கு முழுசால்ல வந்திருக்கு” என்றாள். பிறகு டிவியைப் பார்த்து, “புதுசா வாங்கினியா?” என்று கேட்டாள். பழைய டிவிதான். பக்கத்தில் காலி இடம் இருந்ததால் கடையில் வைத்தது மாதிரி இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதனால் அந்த ஒரு பிரயோஜனம் உண்டு. மற்றபடி மூன்று பேரும் அடுப்படியில் சோபா மேல் மடங்கிப் படுத்தார்கள். பால்துரையின் கால் அரிசி டின்னில் கிடந்தது. செண்பகத்துக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

மறுநாள் மத்தியானம் அண்ணன் போன் பண்ணினார். மூன்று வருடத்துக்கு அப்புறம் போனில் அண்ணன் பெயரைப் பார்த்ததும் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்தாள்.

“செண்பகம்.”

“அண்ணே!”

“லிங்க்கு பாத்தேன்.”

“எப்படி இருக்குண்ணே?”

“பிள்ள பேருக்குக் கீழயே ஒருத்தன வச்சிருக்கியே, யாரு அவன்?”

“அது யாரும் இல்லண்ணே. காலி இடம்.”

“சரி. காலி இடத்துக்குக் கீழ செல்லத்துரை. செல்லத்துரைக்குக் கீழ சமையல்காரன் நம்பரு. அதுக்கும் கீழ நான்.”

“இல்லண்ணே, உங்கள வலது பக்கம்ல வச்சிருக்கேன்.”

“எங்க போன்ல வலது பக்கமே கிடையாதும்மா” என்றார் அண்ணன். “அந்தக் காலி இடத்து மடியிலயே உக்கார வச்சுக் குத்துங்க. நான் எதுக்கு?” என்று சொல்லி வைத்துவிட்டார்.

செண்பகத்துக்கு அழுகை வந்தது. அழுதாள். அப்புறம், அண்ணன் சொன்னதையும்தான் பார்த்துவிடுவோமே என்று தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு போய்க் காலி இடத்தில் உட்கார வைத்தாள். பிள்ளை வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, இன்னொரு தடவை என்று கேட்டது.

சாயங்காலம் வகுப்புக்குப் போனபோது பெஞ்சில் இடமில்லை. கூடப் படிக்கிற ஒருத்தர், மனைவி வீட்டில் சேர்க்கவில்லை என்று, தன் காலி இடத்தை வகுப்புக்கே கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். செண்பகம் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னாள். ஆல்வின் சார் பதறாமல் கேட்டுக்கொண்டார்.

“கம்ப்யூட்டர்ல பக்கத்துல பக்கத்துல இருக்கிறது போன்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாப் போயிடும் அக்கா. நீங்க இடமிருந்து எழுதிட்டு வந்தீங்க. வலது பக்கம் இருக்கிறவர் கடைசிக்குத்தான் போவார்.”

“இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல சார்?”

“அது அடுத்த வாரப் பாடம் அக்கா.”

அவளுக்கு வாயில் நன்றாக வந்துவிட்டது. படிக்கிற இடம் என்று விழுங்கிக்கொண்டாள். உட்காருவதற்குக்கூட இடமில்லாமல் நின்றவாக்கிலேயே வரிசையை மாற்றி எழுதினாள். பிள்ளை பெயருக்கு அடுத்து அண்ணன். அண்ணனை ஒட்டிச் செல்லத்துரை. அப்புறம் சமையல்காரர். காலி இடத்தை எடுத்துப் பக்கத்தின் அடியில் போட்டாள். எடுத்தே எறிந்திருப்பாள், ஆல்வின் சார் விடவில்லை. காற்று இல்லாத பக்கத்துக்கு அவர் மதிப்பெண் போடுவதாக இல்லை.

பக்கத்தின் அடிக்குப் போனது வீட்டிலும் அடிக்குப் போனது. மறுநாள் காலையில் ஹால் திரும்பக் கிடைத்துவிட்டது. காலி இடம் வாசலில் கடைசிப் படியில், சாக்கடைக்கு மேலே, நீளவாக்கில் படுத்துக்கொண்டது. அதில் கால் வைத்தால் வழுக்கி வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பியது. பால்காரர் பாலைத் தெருவில் வைத்துவிட்டுப் போனார். பால்துரை கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து வேலைக்குப் போனான். குதிக்கும்போது கைலி கிழிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கிழிந்த கைலியைத் தூக்கிக் காட்டி, “காதுகுத்துக்கு வர்றவங்களையெல்லாம் கொல்லச் சுவத்து வழியாத்தான் இறக்கணும். ஆசாரிக்கு வேற மூட்டுவலி” என்றான்.

“வாய மூடுங்க. நானே கடுப்புல இருக்கேன்.”

அண்ணன் மறுபடி போன் பண்ணினார். இந்தத் தடவை குரலில் பழைய வெட்டு இல்லை. ஆனாலும் திருப்தியும் இல்லை.

“மேல வந்துட்டேன். அது சரி. ஆனா செல்லத்துரை காது என் கன்னத்துல இடிக்குதும்மா. கூட்டத்துல நசுங்கினவன் மாதிரி இருக்கேன். அடியில ஒருத்தனுக்கு மட்டும் அவ்வளவு இடமா?”

“அது காலி இடம்ணே.”

“தெரியும். அத எனக்குக் குடு.”

“அது வீட்டுக்கு வந்துரும்ணே.”

“வரட்டும். நம்ம வீடு பெருசுதான்.”

இதற்கும் ஆல்வின் சாரிடம் போக வேண்டியிருந்தது. படத்துக்கு வெளிப்பக்கமாக விடுகிற இடம் பொது, அது பக்கத்தைச் செய்தவர் பொறுப்பு, அதற்கு மார்ஜின் என்று பெயர் என்றார். உள்பக்கமாக விட்டால் அது அந்த ஆளுக்கே சொந்தம், அது பேடிங், அவர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும் என்றார். செண்பகம் யோசிக்கவேயில்லை. படியில் படுத்திருந்ததை முழுசாக எடுத்து, அண்ணன் முகத்தைச் சுற்றி உள்பக்கமாக விட்டாள். திரையில் பார்க்க அம்சமாக இருந்தது. நடுவில் அண்ணன், சுற்றிலும் ஒன்றுமில்லை. ஆல்வின் சார் முதல் தடவையாக, “இதான் அக்கா வடிவமைப்பு” என்றார்.

மறுநாள் படி காலியாகிவிட்டது. அண்ணன் ஊரிலிருந்து நல்ல செய்தியாக வந்தது. டீக்கடையில் அண்ணன் நின்றால் நாலு பக்கமும் ஆட்கள் விலகி நிற்கிறார்களாம். பஸ்ஸில் அண்ணன் ஏறினால் முன்னும் பின்னும் பக்கத்திலும் சீட்டு காலியாகிவிடுகிறதாம். கட்டை குட்டையான ஆள்தான், ஆனால் சுற்றிலும் ஒருத்தரும் இல்லாமல் தனியாகத் தெரிந்ததால் பார்த்தவர்கள் எழுந்து நின்றிருக்கிறார்கள். உள்பக்க இடம் என்பதால் அவருடைய பொருள்கள் அவர் கைக்குப் போகும், அடுத்த ஆள்தான் போக முடியாது. மதினி சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துக் கம்பால் தள்ளிவிடுகிறாளாம்.

“ரொம்ப நல்லா செஞ்சிருக்கம்மா” என்றார் அண்ணன் போனில். “முதல் ஆளா வந்துருதேன்.”

செண்பகம் போனை வைத்துவிட்டு சோபாவில் விழுந்து சிரித்தாள். உலகத்திலேயே இதைவிட நல்ல வார்த்தை அவள் கேட்டதில்லை.

காதுகுத்து அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஹாலில் நடுவில் மனைப்பலகை போட்டு, எதிரில் ஆசாரி சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊசியைப் பஞ்சில் துடைத்துக்கொண்டிருந்தார். ஆல்வின் சாரும் வந்திருந்தார். அடுப்படியில் அவருக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டிருந்தார்கள். அப்போது அண்ணன் வந்தார். பட்டு வேட்டி, தட்டு நிறையச் சீர், தட்டில் பிள்ளைக்குப் புதுத் தோடு. வாசல்படி ஏறினார்.

ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். யாரும் தள்ளவில்லை, அவர்களாகவே போனார்கள். செல்லத்துரை ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டான். பால்துரை அடுப்படிக்குள் போய்விட்டான். ஆசாரி உட்கார்ந்த வாக்கிலேயே பஞ்சு, ஊசி, எண்ணெய்க் கிண்ணத்தோடு வழுக்கிச் சுவரோரம் சேர்ந்தார். அண்ணன் மனைப்பலகையில் தனியாக உட்கார்ந்தார். பார்க்க ராஜா மாதிரி இருந்தார். எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

“பிள்ளயக் கொண்டாங்க” என்றார்.

செண்பகம் தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு போனாள். பாதி ஹாலில் கால் நின்றுவிட்டது. பிள்ளையை இறக்கிவிட்டாள். தன்ஷிகா மாமாவை நோக்கி நடந்தது, மெல்ல வழுக்கி அம்மாவிடமே வந்தது. மறுபடி நடந்தது. மறுபடி வந்தது. பிள்ளைக்கு இது பழகின விளையாட்டு, சிரித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் இரண்டு கையையும் நீட்டினார். கை எட்டவில்லை. எழுந்து வந்தார். அவர் ஒரு எட்டு முன்னால் வந்தால் பிள்ளை ஒரு எட்டு பின்னால் போனது.

“இந்தப் பிள்ளைய நான் ஒருதடவகூடத் தூக்கினதில்ல” என்றார் அண்ணன். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு தங்கையைப் பார்த்தார். “கொறைம்மா. கொறச்சிரு.”

செண்பகம் லேப்டாப்பை எடுத்துவந்து வாசலுக்கு நேராக உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. பேனர்காரன் மேல் ஆத்திரம், இடம் கேட்ட அண்ணன் மேல் ஆத்திரம், கேட்டதும் கொடுத்த தன் மேல் ஆத்திரம், எல்லாவற்றையும் அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற மனுஷன் மேல் ஆத்திரம். பேடிங் என்று எழுதியிருந்த வரியில் பூஜ்யம் அடித்து ஏற்றி, எல்லாரையும் போனில் பக்கத்தை மூடித் திறக்கச் சொன்னாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் புதுப் பக்கத்தைத் திறந்துவிட்டால் மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம். அண்ணனைச் சுற்றியிருந்த இடம் விட்டது. ஆனால் பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் இன்னும் ஒரு கை அகலம் மிச்சம் இருந்தது.

“அது பேடிங் இல்ல அக்கா, மார்ஜின். பிரவுசர் தானா விடுறது” என்றார் ஆல்வின் சார், அடுப்படி நிலையில் நின்றுகொண்டு. கையில் அப்பளம் இருந்தது.

“தானா எதுக்கு சார் விடுது? யாரு கேட்டா?”

“ஒண்ணோட ஒண்ணு இடிக்காம இருக்கத்தான் அக்கா. அதையும் எடுத்துட்டா மூச்சு முட்டும். மார்க் குறையும்.”

“எம் மார்க்க நீங்களே வச்சுக்கோங்க சார்! எங்க அண்ணன் மடி காலியாக் கிடக்கு. மார்ஜினுக்கு மைனஸ் உண்டா?”

“உண்டு. ஆனா...”

மைனஸ் போட்டு, கைக்கு வந்த எண்ணை அடித்து, ஏற்றிவிட்டாள். “எல்லாரும் இன்னொரு தடவ மூடித் திறங்க” என்று கத்தினாள். பழைய பக்கத்தை வைத்திருப்பவர் ஒருத்தர் இருந்தாலும் ஒன்றும் நகராது. சொந்தக்காரர்கள் எல்லாரும் போனில் பக்கத்தை மூடித் திறந்தார்கள். செல்லத்துரைக்கு மட்டும் இந்தத் தடவை சிக்னல் கிடைக்காமல் மாடிப்படிக்குப் போய்த் திறந்துவிட்டு வந்தான்.

தன்ஷிகா ஓடிப்போய் மாமா மடியில் ஏறியது. ஏறினது நிற்கவில்லை. எண் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பிள்ளை அண்ணனுக்குள் பாதி போய்விட்டது. பிள்ளை தலை இருந்த இடத்திலேயே அண்ணன் தலையும் இருந்தது, காது இருந்த இடத்தில் காது. ஆசாரி காலையிலிருந்து காத்திருந்தவர். தாமதிக்காமல் நகர்ந்து வந்து, முன்னால் தெரிந்த காதைப் பிடித்து, நறுக்கென்று குத்திவிட்டார்.

“யம்மா!” என்று அண்ணன் அலறினார்.

செண்பகம் அவசரமாக எண்ணைக் குறைத்து ஏற்றினாள், எல்லாரும் மறுபடி மூடித் திறந்தார்கள். இரண்டு பேரும் பிரிந்தார்கள். தன்ஷிகா மாமா மடியில் அச்சாக உட்கார்ந்து, ஒன்றும் ஆகாத காதைத் தடவிக்கொண்டிருந்தது. அண்ணன் இடது காதில் பொட்டாக ரத்தம். அண்ணன் காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறுகையால் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் ஒழுகியது. விடவில்லை. செண்பகம் லேப்டாப்பை மூடினாள். எழுந்து போய் அண்ணன் கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அண்ணனை விட்டு வெளியே போன காலி இடம் அடுப்படிக்குப் போய், ஆல்வின் சாரின் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஆசாரி மட்டும் முகத்தைச் சுளித்தார்.

“இவருக்கு மடி இல்லாமக் குத்திட்டேனே. இது முறையில்ல. இவருக்குத் தாய்மாமன் யாரு?”

அண்ணனுக்குச் சின்ன வயதில் காது குத்தவில்லை. குத்த வேண்டிய வருடம் அம்மாவுக்கும் அம்மாவின் தம்பி அய்யாக்குட்டி மாமாவுக்கும் ஏதோ மனவருத்தம். என்ன வருத்தம் என்று சொல்ல அம்மாவும் இப்போது இல்லை. மாமாவை யாரும் போய்க் கூப்பிடவில்லை. செண்பகம் செய்த பக்கத்தில் எத்தனையோ பெயர் இருந்தது, அவர் பெயர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

“நான்தான்” என்று வாசலிலிருந்து குரல் கேட்டது.

அய்யாக்குட்டி மாமாதான், யாரும் கூப்பிடாமலே வந்திருந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளை மீசை, கக்கத்தில் மஞ்சள் பை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அண்ணனை ஒரு நிமிடம் எழுந்திருக்கச் சொல்லிவிட்டு மனைப்பலகையில் உட்கார்ந்தார். சம்மணம் போட்டு வேட்டியைச் சரிசெய்து, தொடையைத் தட்டினார்.

“வாடா.”

போர்வெல் லாரிக்கார அண்ணன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போய், மாமா மடியில் உட்கார்ந்தார். மாமா கொஞ்சமும் அசையவில்லை. ஒரு கையால் அண்ணன் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, மறுகையால் அவர் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். ஆசாரி வலது காதைக் குத்தினார். அண்ணன் ஏங்கி ஏங்கி அழுதார்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இந்தா முடிஞ்சிருச்சு” என்றார் மாமா.

பிறகு மஞ்சள் பையைப் பிரித்து, உள்ளேயிருந்து சின்னதாக ஒரு பட்டுச் சட்டையை எடுத்தார். நடக்கப் பழகுகிற பிள்ளைக்கு எடுத்த அளவு. மடிப்புகளெல்லாம் பழுப்பேறிப்போயிருந்தன. “கேட்டு வருவீங்கன்னு அன்னைக்கே எடுத்து வச்சேன்” என்றார். அண்ணன் தான் போட்டிருந்த சட்டையைக் கழற்றிச் செண்பகத்திடம் கொடுத்துவிட்டு, கையைத் தூக்கிக் காட்டினார். மாமா சட்டையை மாட்டி, கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டார். சட்டை அளவாக இருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, அடுத்தது பிள்ளைக்குத்தானே என்று கேட்டார்.